ஒத்தசொல் அறிவும் பொருள் அறிவும்

ஒரு சொல்லுக்கு ஒத்தசொல் எது என்று பிழையின்றிச் சொல்லத் தெரிந்தவர் அச்சொல்லின் பொருளை அறிந்தவர் ஆவாரா என்னும் வினா, ஆங்கிலத் தேர்வுகளுக்காகக் கடினமான சொற்களைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்யும் இக்காலப் பழக்கத்தால் எழுந்தது போலத் தோன்றினும், மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் அதுவும் ஒன்றாகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களின் மொழித்திறனை அளப்பதற்காக 1964இல் தொடங்கப்பட்ட டோஃபல் தேர்வு, நெடுங்காலம் சொல்லறிவைத் தனியே சோதித்து வந்தது. ஒரு சொல்லைக் காட்டி, கீழே தரப்பட்ட நான்கு சொற்களுள் பொருளால் அதற்கு மிக நெருங்கியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அதன் வினாமுறை. அவ்வினாக்களுள் ஒன்றில் 'லெவீட்' என்னும் சொல்லுக்கு எதிரே 'இம்போஸ்ட்', 'பிலீவ்ட்', 'ரிக்வெஸ்டட்', 'கோரிலேட்டட்' என்னும் நான்கும் நிறுத்தப்பட்டிருந்தன. முதற்சொல்லே விடை. வரி, தண்டம் முதலியவற்றை விதிப்பதற்கு இவ்விரு சொற்களும் பொருந்தும் எனினும், ஓர் அவையின்மேல் அமைதியைத் திணிப்பதற்கோ தம் கருத்தைப் பிறர்மேல் சுமத்துவதற்கோ பின்னதே பொருந்தும், முன்னது பொருந்தாது என்பதை அறிந்த மாணவரும், இவ்விரண்டையும் ஒரு வரியில் இணைத்து எழுதிய பட்டியலைத் தவிர வேறெங்கும் அவற்றைக் கண்டிராத மாணவரும் ஒரே மதிப்பெண்ணைப் பெறுவர். இவ்விருவருள் இரண்டாமவரிடம் இருப்பது அறிவா, அறிவின் சாயலா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இவ்வினாவுக்கு மிகக் கடுமையான விடையைத் தந்தவர் வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கிறித்தவ மெய்யியலாளர் அகஸ்டின் ஆவார். கி.பி. 389ஆம் ஆண்டளவில் அவர் தம் மகன் அதியோதாத்துசுடன் உரையாடுவதாக அமைத்த, 'ஆசிரியர்' என்று பொருள்படும் தலைப்புடைய இலத்தீன் நூலில், சொற்களால் எவரும் எதையும் கற்பதில்லை என்னும் முடிவை நோக்கிப் படிப்படியாகச் செல்கிறார். தானியேல் ஆகமத்தில் தீச்சூளையில் இடப்பட்ட இளைஞர் மூவரின் 'சரபாரே' நெருப்பால் சிதையவில்லை என்று வரும் இடத்தை அவர் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். சரபாரே என்பது இலத்தீன் வாசகருக்கு அரிய சொல். அது தலையில் அணியும் ஆடை என்று ஒருவர் விளக்கினால், கேட்பவர் அவ்விளக்கத்தைப் புரிந்துகொள்வது தலையையும் ஆடையையும் அவர் ஏற்கெனவே கண்டறிந்திருப்பதாலேயே அன்றி, அச்சொல்லின் ஒலியால் அன்று. தலை என்னும் சொல்லைக்கூட அவர் தலையைப் பார்த்த பின்னரே சொல்லாக அறிந்தார். ஆகவே சொல் நினைவூட்டும், தேடத் தூண்டும்; கற்பிப்பது பொருளே. புலன்களுக்கு எட்டாத உண்மைகளைப் பொறுத்தவரையில், உள்ளத்தில் உறையும் கிறிஸ்துவாகிய அக ஆசிரியரே கற்பிக்கிறார் என்பது அவருடைய முடிபு. இதில் அகஸ்டின் எதிர்பாராத ஒரு முரண் உண்டு. அச்சொல்லுக்கு மூலமான அரமேயச் சொல் தலையணியைக் குறிக்கிறதா, காற்சட்டையைக் குறிக்கிறதா, மேலாடையைக் குறிக்கிறதா என்பதில் அறிஞர்களிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. அதாவது, சொற்களை நம்பிப் பயனில்லை என்று காட்டுவதற்கு அவர் எடுத்த சொல்லுக்கே அவர் கேள்விப்பட்ட பொருள் தவறானதாக இருக்கக்கூடும். பட்டியலில் அச்சிட்ட பொருளை நம்பி நிற்கும் மாணவரின் நிலையும் இதுவே: பொருள் பிழையாக இருப்பினும், அதைக் கண்டுகொள்ள அவரிடம் வேறு சான்று இல்லை.

ஆயினும் அகஸ்டினின் முடிவை அப்படியே ஏற்றால், மனிதர் அறிந்ததாகக் கருதும் பெரும்பகுதி அறிவல்லாததாகிவிடும். கடலைக் காணாதவருக்குக் கடல் என்னும் சொல்லும், காண இயலாதனவாகிய கடன், உரிமை, பழி முதலியவற்றின் பெயர்களும் வெற்றொலிகளாய் முடியும். இந்திய மெய்யியல் மரபில் நியாயப் பள்ளியினர் இவ்விடத்தில் வேறு வழியைக் கொண்டனர். உண்மையை அறிந்து, அறிந்தவாறே உரைக்க விரும்பும் நம்பத்தகுந்தவரை ஆப்தர் என்றும், அவருடைய கூற்று காட்சியையும் கருதலையும் போலவே அறிவு தரும் அளவை, அதாவது பிரமாணம், என்றும் அவர்கள் நிறுவினர். சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றை அளவைகளாக ஏற்பதைத் தமிழ் வாசகர் அறிவர். ஒரு சொல்லுக்கும் அது உணர்த்தும் பொருளுக்கும் உள்ள தொடர்பைச் சக்தி என்றும், அத்தொடர்பை ஒருவர் கற்றுக்கொள்வதைச் சக்திக்கிரகம் என்றும் நியாயப் பள்ளியினராகிய நையாயிகர் வழங்குவர். 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் இயற்றிய நியாயசித்தாந்தமுக்தாவளி, இதற்குரிய வாயில்கள் எட்டு என்னும் மரபைப் பதிவு செய்கிறது: இலக்கணம், ஒப்புமை, அகராதி, ஆப்தர் கூற்று, பெரியோர் வழக்கு, தொடரின் எஞ்சிய பகுதி, விளக்கவுரை, தெரிந்த சொல்லின் அண்மை என்பன அவை. அகராதி இங்கே கூச்சமின்றி இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் எட்டும் ஒரே நிலையின அல்ல. பெரியோர் வழக்கே இவற்றுள் தலையாயது எனக் கொள்ளப்பட்டது. ஏனைய வாயில்களுள் பெரும்பாலானவை சில சொற்களையேனும் முன்பே அறிந்தவருக்கே பயன்படும்; ஒரு சொல்லும் அறியாதவர் நுழையத்தக்கது வழக்கு ஒன்றே.

ஒத்தசொல் அறிவுக்கு ஆதரவாக இன்னொரு கருத்தையும் இங்குச் சேர்க்கலாம். அமெரிக்க மெய்யியலாளர் ஹிலாரி புட்னம் 1975இல் வெளியிட்ட கட்டுரையில், எல்ம் மரத்தையும் பீச் மரத்தையும் தம்மால் பிரித்தறிய முடியாது எனினும், அவ்விரு சொற்களைத் தாம் பேசும்போது அவை வேறு வேறு மரங்களையே குறிக்கின்றன என்று சுட்டிக்காட்டி, இதை மொழி உழைப்பின் பிரிவினை என்று அழைத்தார். மரங்களை அறிந்த சிலரின் அறிவை நம்பி, அறியாத பலரும் அப்பெயர்களைச் சரியாகவே வழங்குகின்றனர். அவ்வாறாயின், பட்டியலிலிருந்து ஒரு சொல்லைப் பெற்ற மாணவரும் மற்றவர் எல்லாரும் வாழும் கடனிலேயே வாழ்கிறார். அவருடைய கடன் சற்று மிகுதி, அவ்வளவே.

தமிழில் இச்சிக்கலை முதலில் நேர்கொண்டது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல். அவ்வியல் ஒருவகையில் அருஞ்சொற் பட்டியலே என்று கூறினால் உரையாசிரியர்கள் முகம் சுளிக்கக்கூடும். எனினும் அதன் நோக்கம் வெளிப்படையானது. வழக்கில் விளங்கிய சொற்களை எடுத்துரைக்க வேண்டியதில்லை, விளங்காதவற்றையே எடுத்துரைக்க வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டு, உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதியை உணர்த்தும் என்பது போன்று ஒவ்வொரு சொல்லாக அது பொருள் கூறிச் செல்கிறது. பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்தி உணர்த்துவது என்பது அதன் முறை. தேர்வுக்குப் படிக்கும் மாணவரின் குறிப்பேடும் இம்முறையிலேயே அமைகிறது. ஆனால் குறிப்பேடுகளில் காணாத ஒன்று உரியியலின் இறுதியில் உண்டு: அம்முறையின் எல்லையை நூலாசிரியரே எடுத்துரைக்கிறார். ஒரு பொருளுக்குப் பொருள், அதற்கும் ஒரு பொருள் என்று கேட்டுக்கொண்டே போனால் அதற்கு வரம்பில்லை என்றும், உணர்த்துவோர் வல்லவராயின் பொருள் திரியாது என்றும், உணர்வது உணர்வோரின் ஆற்றலைப் பொறுத்தது என்றும், சொற்பொருளின் காரணம் எளிதில் புலப்படாது என்றும் அடுத்தடுத்துக் கூறப்படும் நூற்பாக்கள், அகராதியை நம்பி அகராதிக்குள்ளேயே சுற்றிவரும் ஒருவரின் நிலையைத் துல்லியமாக வரையறுக்கின்றன. 1990இல் அறிவியலாளர் ஸ்டீவன் ஹார்னாட், சீனமொழி அறியாத ஒருவர் சீனத்திலிருந்து சீனத்துக்குப் பொருள் கூறும் அகராதியை மட்டும் கொண்டு அம்மொழியைக் கற்க முயன்றால் ஒரு குறியிலிருந்து இன்னொரு குறிக்குச் சென்றுகொண்டே இருப்பாரேயன்றிப் பொருளை அடையமாட்டார் என்று வாதித்தபோது எழுப்பிய சிக்கலும் இதுவே; அதற்கு அவர் குறிகளுக்கு நிலைக்களம் காணும் சிக்கல் என்று பெயரிட்டார்.

இத்தொடரில் நிகண்டுகளைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டை நெட்டுருச் செய்த பிள்ளைகளும் பொருள் விளங்காமலேயே சொற்களைச் சுமந்தனர் என்று பிற்காலத்தார் குறை கூறுவதுண்டு. அக்குறையில் உண்மை இருப்பினும், நிகண்டின் அமைப்பு இன்றைய தேர்வுப் பட்டியல்களைவிட நுட்பமானது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்தபின், பதினோராம் தொகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் அது தனியே தொகுத்துத் தருகிறது. சொல்லும் பொருளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்பன அல்ல என்பதை மாணவர் அந்நூலின் அமைப்பிலிருந்தே உணர முடிந்தது. ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை மட்டும் நிறுத்தும் பட்டியல் இந்த உணர்வையே அழித்துவிடுகிறது.

சொல் முந்தியதா, தொடர் முந்தியதா என்பதில் மீமாம்சையார் நடத்திய வாதம் இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது. வேதவாக்கியங்களின் பொருளை உறுதிசெய்வதைத் தம் தொழிலாகக் கொண்ட அப்பள்ளியினர், குழந்தை மொழி கற்கும் விதத்தை விளக்க ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் கையாண்டனர். மூத்தவர் ஒருவர் இளையவரிடம் பசுவைக் கொண்டுவா என்கிறார். இளையவர் சென்று பசுவைக் கொண்டுவருகிறார். பின்னர்ப் பசுவைக் கட்டு என்றும், குதிரையைக் கொண்டுவா என்றும் ஏவப்படுகிறார். அருகிலிருந்து பார்க்கும் குழந்தை, ஒரு சொல் நீங்கி இன்னொன்று புகும்போது செயலில் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று கண்டு, சொற்களின் பொருளைப் பிரித்தறிகிறது. இதிலிருந்து அப்பள்ளி ஆசிரியர்களுள் ஒருவராகிய பிரபாகரர் கொண்ட முடிவு, தொடரில் ஏனைய சொற்களோடு இயைந்த நிலையிலேயே ஒரு சொல் தன் பொருளை உணர்த்தும் என்பது. இது அன்விதாபிதானம், அதாவது இயைந்ததை உரைத்தல், எனப்படும். அப்பள்ளியின் மற்றோர் ஆசிரியராகிய குமாரிலரோ, இதற்கு மாறாக, சொற்கள் முதலில் தத்தம் பொருளைத் தனித்தனியே உணர்த்தும், அப்பொருள்கள் பின்னர் இயைந்து தொடர்ப்பொருளைத் தரும் என்றார். இது அபிஹிதான்வயம், அதாவது உரைத்தவை இயைதல், எனப்படும். இருவர் கூற்றிலும் வலிமை உண்டு. முன்பின் கேட்டிராத தொடரையும் மனிதர் புரிந்துகொள்வதற்குக் குமாரிலரின் கொள்கை எளிதில் விளக்கம் தருகிறது. சொற்பட்டியல் என்பது சாத்தியமாவதும் அவர் கூறுவதில் ஓரளவேனும் உண்மை இருப்பதால்தான். ஆனால் 'லெவி'யை அமைதியோடு சேர்த்து எழுதிவிடும் மாணவரின் பிழையைப் பிரபாகரரே நன்கு விளக்குகிறார்: அவர் சொல்லைப் பெற்றார், அதன் இயைபைப் பெறவில்லை.

இவ்வாதத்துக்கு 1997இல் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு சான்று வந்தது. தாமஸ் லாண்டவர், சூசன் டூமே என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், ஒரு கலைக்களஞ்சியத்தின் 30,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளிலிருந்து எடுத்த ஏறத்தாழ 46 லட்சம் சொற்களைக் கணினியிடம் தந்து, எந்தச் சொல் எந்தப் பகுதியில் எத்தனை முறை வருகிறது என்பதை மட்டும் கணக்கிடச் செய்தனர். சொற்களின் பொருளோ, இலக்கணமோ, அவை வரும் வரிசையோகூட அதற்குத் தரப்படவில்லை. இக்கணக்கை ஏறத்தாழ 300 பரிமாணங்களாகச் சுருக்கி, எந்த இரு சொற்கள் ஒத்த சூழல்களில் வருகின்றன என்று அளந்த பின், டோஃபல் தேர்வின் 80 ஒத்தசொல் வினாக்களை அக்கணினிமுன் வைத்தனர். அது 64.4 விழுக்காடு பெற்றது. ஆங்கிலம் பேசாத நாடுகளிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விண்ணப்பித்த மாணவர்களின் சராசரி 64.5 விழுக்காடு. தம் கட்டுரைக்குப் பிளேட்டோவின் சிக்கலுக்கு ஒரு தீர்வு என்று அவர்கள் தலைப்பிட்டது மெய்யியலாளர்களுக்கு விடுத்த அறைகூவலே; மிகக் குறைந்த பட்டறிவிலிருந்து மனிதர் மிகுதியாக அறிவது எவ்வாறு என்பதே அச்சிக்கல்.

இம்முடிவைக் கண்டு, மனப்பாடம் செய்த மாணவரும் பொருளறியாத கணினியும் ஒன்றே என்று எள்ளி நகைப்பது எளிது. அது பிழையும் ஆகும். அக்கணினி வரி கட்டியதில்லை, பசுவைக் கண்டதில்லை என்பது உண்மையே. ஒத்தசொல் வினாவால் பொருளறிவையும் சொற்களுக்கிடையிலான உறவறிவையும் பிரித்தறிய முடியாது என்பது இதனால் உறுதியாகிறது. ஆனால் அக்கணினிக்கு எவரும் ஒத்தசொற் பட்டியலைத் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது கற்றது தொடர்ந்த உரைநடையிலிருந்து. ஒரு சொல்லைப் பற்றி அது பெற்ற அறிவின் பெரும்பகுதி அச்சொல் வராத பகுதிகளிலிருந்தே வந்தது என்பது அவ்வாய்வாளர்களின் கணிப்பு. ஏனைய சொற்கள் தம்முள் இயையும் விதம் தெளியத் தெளிய, இச்சொல்லின் இடமும் தெளிவடைந்தது. பொருளென்பதே இல்லாத அந்தப் பொறி பிரபாகரரின் வழியில் நடந்து பெற்ற மதிப்பெண்ணைப் பெறுவதற்கு, உயிருள்ள மாணவரைக் குமாரிலரின் வழியில், அதுவும் அவர் வற்புறுத்திய இறுதி இயைபை விட்டுவிட்டு, நடக்கச் சொல்வது விந்தையானது.

தேர்வை அமைப்போர் இதை அறியாதவர் அல்லர். டோஃபல் 1995இல் தனித்த சொல் வினாக்களைக் கைவிட்டு, சொல்லறிவை வாசிப்புப் பகுதிக்குள் கொண்டுவந்தது; பட்டமேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு 2011இல் எதிர்ச்சொல் வினாக்களையும் சொல்லிணை ஒப்புமை வினாக்களையும் நீக்கியது. பட்டியல்களும் மேம்பட்டன. நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல், 35 லட்சம் சொற்கள் கொண்ட பல்துறை நூற்பகுதிகளை ஆராய்ந்து, துறை எதுவாயினும் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைத் தெரிந்தெடுத்தது. பகட்டுக்காகத் திரட்டிய அருஞ்சொற்களைவிட இது எவ்வளவோ மேலானது. வழக்கிலிருந்து எடுக்கப்பட்டதாயினும், எடுக்கப்பட்ட பின்னர் அதுவும் பட்டியலே.

எனினும் சொற்களைப் பெறுவதைவிடச் சொற்களை வழங்குவதிலேயே ஆழ்ந்த சிக்கல் இருக்கிறது. 1989இல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் மதிப்பீட்டுக்குரிய கூறுகள் நான்கு. அவற்றுள் ஒன்று சொல்வளம். உயர்ந்த மதிப்பெண் பெற, அதிகம் வழங்காத சொற்களையும் இயைபறிந்து கையாள வேண்டும் என்று அதன் மதிப்பீட்டு விளக்கம் எதிர்பார்க்கிறது. இங்கே மாணவர் ஆப்தர் கூற்றைக் கேட்பவர் நிலையிலிருந்து தாமே உரைப்பவர் நிலைக்கு மாறுகிறார். அறிந்ததை அறிந்தவாறு உரைக்கும் விருப்பமே ஆப்தரின் இலக்கணம் என்றால், பொருள் முழுதும் விளங்காத அருஞ்சொல்லை மதிப்பெண்ணுக்காக இட்டு நிரப்புபவர் பொய்யுரைக்கவில்லை எனினும், உரைப்பதன் முதல் விதியைத் தளர்த்துகிறார். ஆனால் பழியை அவர்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையன்று. ஒரு தொடர் பொருள் தருவதற்குச் சொற்கள் ஒன்றையொன்று வேண்டி நிற்றல், பொருந்தும் தகுதி, அண்மை ஆகிய மூன்றோடு, உரைப்பவரின் கருத்து, அதாவது தாத்பரியம், என்பதையும் நியாய நூல்கள் எண்ணுகின்றன. நகரப் போக்குவரத்தைப் பற்றித் தேர்வில் எழுதப்படும் கட்டுரையின் தாத்பரியம் நகரப் போக்குவரத்து அன்று. எழுதுபவருக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. படிப்பவருக்கு அதைப் பற்றி அறியும் விருப்பம் இல்லை. இருவரும் அறிந்த உண்மையான கருத்து, இச்சொற்கள் எனக்குத் தெரியும் என்பது மட்டுமே. கருத்து இவ்வாறு வேறிடத்தில் இருக்கும்போது, சொல் தன் பொருளைச் சுட்டுவதை விட்டுத் தன்னையே சுட்டத் தொடங்குகிறது. அருஞ்சொல் பொருத்தமற்ற இடத்தில் துருத்தி நிற்பதற்கு மாணவரின் அறியாமையைவிட இந்நிலையே பெரிய காரணம் எனலாம்.

அகஸ்டின் தம் ஒப்புதல்கள் என்னும் நூலில், பள்ளியில் அச்சுறுத்தலின் கீழ்க் கற்ற கிரேக்கம் தமக்குக் கசந்ததையும், செவிலியரின் கொஞ்சலுக்கும் விளையாட்டுக்கும் இடையே கற்ற இலத்தீன் எளிதில் வந்ததையும் ஒப்பிட்டு, அச்சத்தைவிடத் தடையற்ற அறிவார்வமே மொழி கற்பதற்கு வலிமையுடையது என்று எழுதினார். இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் மனநிலை பற்றியதாகவே கொள்வர். ஆனால் செவிலியரிடம் அவர் கேட்ட சொற்கள் ஒவ்வொன்றும் ஒருவர் இன்னொருவரிடம் ஏதோ ஒன்றைக் கருதிச் சொன்னவை என்பதும், தம் உள்ளத்தில் இருந்ததை வெளியிடும் வேட்கையே தம்மைப் பேசவைத்தது என்று அவரே குறிப்பதும், தாத்பரியத்தின் இடத்தையே சுட்டுகின்றன. மீமாம்சையாரின் குழந்தையும் தன்னிடம் கூறப்படாத ஏவலையே கேட்டது. எனினும் அது யாரோ ஒருவருக்கு உண்மையில் இடப்பட்ட ஏவல்.

மருத்துவப் பணியாளர்களுக்கென ஆஸ்திரேலியாவில் உருவாகி, தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வெளிநாடு செல்லும் செவிலியர் பலரும் இன்று எழுதும் ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. அதன் எழுத்துப் பகுதியில் நோயாளி ஒருவரின் குறிப்புகளைப் படித்து, அவரை அடுத்துக் கவனிக்க இருப்பவருக்குக் கடிதம் எழுத வேண்டும்; கடிதத்தின் நோக்கம் தெளிவாக உள்ளதா என்பது மதிப்பீட்டின் தனிக் கூறு, வேண்டாதவற்றை விலக்கிச் சுருங்கச் சொல்வது இன்னொரு கூறு. அங்கே அருஞ்சொல் அருமையால் சிறப்பதில்லை. பெறுபவருக்கு அது வேண்டுமா என்பதைப் பொறுத்தே நிற்கும் அல்லது நீங்கும். அந்த நோயாளியும் கற்பனையே, கடிதமும் எவருக்கும் போய்ச் சேர்வதில்லை. ஆயினும் எழுதுபவர் அடுத்த சில மாதங்களில் அதே சொற்களை உண்மையான நோயாளி ஒருவரைப் பற்றி, உண்மையான மருத்துவர் ஒருவருக்கு எழுத நேரும் என்பதால், அக்கற்பனைத் தாத்பரியம் வேறு தேர்வுகளின் கட்டுரையைவிட வழக்குக்கு ஓரடி நெருங்கி நிற்கிறது.